மச்சினனின் துப்பாக்கி வாய்

இண்டியானாவில் எங்கள் ஊர்க்காரர் ஓர்வில் ஸ்டக்கி நல்ல மனிதர். சோளம் விதைப்பார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், யாரையும் வெறுக்கமாட்டார், மனைவியின் தம்பி டெல்மரைத் தவிர. டெல்மரைக்கூட இல்லை, அவன் துப்பாக்கியை.

ஓர்வில்லுடையது அவர் அப்பா விட்டுப்போன முப்பத்தாறு அங்குலக் குழல். குழல் நீண்டால், ஒரே வெடியில் கும்பலாகப் பாயும் ஈயக் குண்டுமணிகளான ரவை சிதறாது என்பது அவர் வேதம். டெல்மருடையது கட்டைக் குழல். ஆனால் அதன் வாயில் ஒரு வளையம்: ஒரு பக்கம் திருகினால் ரவை குவிந்து போகும், மறுபக்கம் திருகினால் விரிந்து போகும். அது வந்த நாள் முதல், தீயணைப்பு நிலையத்தில் நவம்பரில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டியின் பரிசான பன்றித்தொடை டெல்மருக்கே. அந்த மாதக் குடும்ப விருந்தில் அதைப் பரிமாறுபவள் ஓர்வில்லின் மனைவி வெர்னா.

"என் தம்பி ஜெயிச்சது, இன்னொரு துண்டு வச்சுக்குங்க."

ஓர்வில்லுக்கு இறங்குமா?

போட்டியில் ஆளுக்கு ஓர் அட்டை, ஒரு வெடி. அட்டை நடுவே பெருக்கல் குறி. எத்தனை ரவை பட்டது என்பது பேச்சே இல்லை. யாருடைய ஒற்றை ரவை குறியை நெருங்கியதோ, அவருக்கே தொடை.

இந்த வருஷம் ஓர்வில் முதலில் சுட்டார். குறிக்கு விரலகலம் பக்கத்தில் ஓட்டை. அதை விஞ்ச யாருமில்லை, டெல்மர் மட்டும் பாக்கி.

"மச்சான், காப்பி வாங்கிட்டு வரேன். துப்பாக்கியைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

ஓர்வில் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே வளையத்தை விரியும் பக்கம் கடைசிவரை திருகிவிட்டார்.

டெல்மர் வந்தான், குறி வைத்தான், விசையை இழுக்கும்போது தும்மினான். குழல் இடப்பக்கம் ஓடியது. குவிந்த ரவையாக இருந்தால் மொத்தமும் வைக்கோல் போருக்குத்தான். விரிந்த ரவையில் ஒன்று மட்டும் வழிதவறி வந்து, பெருக்கல் குறியின் நட்டநடுவில் துளை போட்டது.

"தும்முனதுக்கே தொடையா!" என்றார் அட்டை பார்க்கும் ஹார்லன். "மூக்குக்கும் வளையம் மாட்டியிருக்கியாடா?"

விருந்தன்று டெல்மரும் அக்காவோடு சேர்ந்து பரிமாறினான். குனிந்து மெதுவாகச் சொன்னான்: "சுட்டப்புறம்தான், மச்சான், வளையத்தைப் பாத்தேன். யார் கையில குடுத்துட்டுப் போனேன்னு ஞாபகம் வந்துச்சு."

ஓர்வில்லின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னா கைராசி உங்களுக்கு! அடுத்த வருஷமும் நீங்களே திருகிக் குடுத்துருங்க."

"என்னடா ரகசியம்?" என்றாள் வெர்னா.

"மச்சானுக்கு ரெண்டு துண்டு வை அக்கா. இந்தத் தொடையில பாதி அவரு அடிச்சது."

வெர்னா பெருமையாகச் சிரித்தாள். "பாத்தீங்களா, உங்களையும் விட்டுக்குடுக்காம பேசறான்!"

பாதியாம். வளையத்தைத் தொடாமல் விட்டிருந்தால் முழுசும் தன்னுடையது என்று ஓர்வில் வாய் திறக்க முடியுமா? மென்றார்.