மல்லாட்டை உடைக்கும் மெஷின்

விழுப்புரம் கிளம்புவதற்கு முந்தைய நாள், கொண்டு போக வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். மெஷின், அதற்கான பேட்டரி, ஸ்பேனர் செட், கூடுதலாக நட்டும் போல்ட்டும், இன்சுலேஷன் டேப், கீழே விரிக்க ஒரு பழைய புடவை, ஒரு முறம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மட்டும் என் வரிசையில் இல்லை. அதைத் தான் பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லியிருந்தாள். மல்லாட்டை பொறுக்குவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கம். விதைக்கு வேண்டிய மல்லாட்டையை அங்கே இன்னும் கையால்தான் உடைக்கிறார்கள். மில்லில் போட்டால் பருப்பின் சிவப்புத் தோல் உரிந்துவிடும், பாதி இரண்டாகப் பிளந்துவிடும். அது முளைக்காது. அதனால் விதைப்புக் காலத்துக்கு முன்னால் மூட்டைகள் வீட்டுக்கு வரும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து உடைப்பார்கள். அம்மாவின் வலது கட்டைவிரல் நகம் முழுதாக இருந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் திண்டிவனத்தில் பெண்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தேன். வயரிங், மோட்டார் காயில் கட்டுவது, வெல்டிங். கடைசியில் ஒவ்வொருத்தியும் சொந்தமாக ஒரு கருவி செய்ய வேண்டும். என்னுடையது மல்லாட்டை உடைக்கும் மெஷின். பழைய இரும்புக் கடையில் வாங்கிய காரின் வைப்பர் மோட்டார், டயர் ரப்பர் சுற்றிய உருளை, அதன் கீழே வளைத்து வைத்த கம்பிச் சல்லடை. ரப்பருக்கும் சல்லடைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். அதிகமானால் காய் உடையாமல் விழும். குறைந்தால் பருப்பு நசுங்கும். கடையில் வாங்கிய காய்ந்த காயைப் போட்டுப் போட்டுப் பார்த்து அந்த இடைவெளியைப் பிடித்தேன். தோல் கீறாத பருப்பு முறத்தில் விழுந்த அன்று, பயிற்சி கொடுத்த மேடம் ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அதுதான் அவருடைய பாராட்டு.

எங்களைப் போன்ற பெண்கள் செய்த கருவிகளுக்கான கண்காட்சி விழுப்புரத்தில். தேர்வாகும் ஒரு கருவியைச் செய்த பெண்ணுக்கு டிப்ளமோ படிப்பின் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுப்பவர் என் ஆதார் நகலை வாங்கிப் போயிருந்தார். திங்கட்கிழமை கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். அப்பா கட்டட வேலையில் இடுப்பு அடிபட்டு வீட்டில் இருந்தார். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பேசவும் அதிகம் இருக்கவில்லை.

காலையில் அம்மா மெஷின் மேல் விரலால் ஒரு சிலுவை போட்டாள். மல்லாட்டைப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். யூரியா சாக்கைக் கழுவித் தைத்த பை அது, வாயை இறுக்கிக் கட்டியிருந்தாள். திண்டிவனம் போகும் ஷேர் ஆட்டோவில் மெஷினை என் மடியில் வைத்தேன்.

"இன்னாம்மா அது, மாவு மெஷினா?" என்றார் டிரைவர். "அதுக்கும் ஒரு சீட்டு ஆவுதே."

"அது எங்கினா தனியா குந்திக்கினு வருதா? மடியிலதான கீது," என்றாள் அம்மா. "நீ ஜல்தியா ஓட்டு. எம்பொண்ணு பரிசு வாங்கப் போறா."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என் மேசைக்கு நடுவர்கள் இருவர் வந்தார்கள். ஒரு பேராசிரியை, ஒரு தொழிற்சாலைக்காரர். நான் சொல்ல வேண்டியதைத் திக்காமல் சொன்னேன். அம்மா மேசைக்கு எதிரே, கூட்டத்தின் முன்வரிசையில் நின்றிருந்தாள். பையின் கட்டைப் பல்லால் இழுத்து அவிழ்த்தவளும் அவள்தான். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஒரு கை காய் அள்ளினேன்.

அள்ளியதும் தெரிந்துவிட்டது. காய் குளிர்ந்திருந்தது.

கையால் உடைப்பதென்றால் முந்தைய நாள் சாயங்காலமே காயின் மேல் தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். ஓடு பதமாகிவிடும், விரல் அவ்வளவாக வலிக்காது. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மல்லாட்டை உடைக்க வேண்டும் என்றால் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். அம்மா அதைச் செய்திருந்தாள். பொறுக்கி எடுத்த நல்ல காய்களுக்கு, நன்றாகவே தெளித்திருந்தாள். என் மெஷினுக்கும் வலிக்கக் கூடாது என்பதுபோல.

நடுவர்கள் காத்திருந்தார்கள். நான் காயைப் போட்டேன். ஓடு வெடிக்கவில்லை, சப்பையானது. ரப்பரில் ஒட்டிக்கொண்டு உருளையோடு சுற்றியது. அடுத்த கை போடுவதற்குள் சல்லடை அடைத்து மோட்டார் முனகி நின்றது. சல்லடைக்குள் சிவப்பும் வெள்ளையுமாக மசிந்து கிடந்தது.

"மோட்டாருக்குப் பவர் பத்தலையாம்மா?" என்று கேட்டார் தொழிற்சாலைக்காரர்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஏதோ சின்னக் கோளாறு, பிள்ளை இப்போது சரிசெய்துவிடும் என்பதுபோல. காயில் ஈரம் என்று சொன்னால், ஈரம் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

"ஆமாங்க சார்," என்றேன். "மோட்டார் பத்தல."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பேராசிரியை, "ஐடியா நல்லா இருக்கு," என்றார். அடுத்த மேசைக்குப் போனார்கள். மேடம் வந்து ஒரு காயை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நசுங்கிய காயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கெடார் பக்கத்துப் பெண் செய்த கருவி தேர்வானது. அவளுக்கு நானும் கை தட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குடி நின்னுபோச்சி?"

"மோட்டாரும்மா."

"அந்தப் பழைய இரும்புக்காரன் ஏமாத்திட்டான். அவன் மூஞ்ச பாத்தப்பவே நெனச்சேன். ஒரே பேஜாரு."

"ஆமாம்மா."

மீந்த காயை அவள் பையிலிருந்து எடுத்து உடைத்து எனக்குத் தந்தாள். நான் தின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் வரை வரவில்லை. திங்கட்கிழமை கம்பெனி பஸ் வந்தது. ஏறினேன். கன்வேயரில் வரும் போர்டுகளில் என் பங்குக்கு ஸ்க்ரூ முடுக்கினேன். ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, நான்கு சுடிதார், துணி காயப்போட ஒரு கயிறு. குறையென்று சொல்ல எதுவும் இல்லை. பிற்பாடு சேர்த்து வைத்த சம்பளத்தில் நானே டிப்ளமோவில் சேர்ந்து முடித்தேன். இப்போது அதே மையத்தில் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் படிக்கும் பெண்கள், "நீங்க இன்னா மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால், மல்லாட்டை மெஷின் என்கிறேன். ஓடிச்சா என்று கேட்டால், ஓடியது என்கிறேன். இரண்டும் உண்மைதான்.

மெஷின் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. விடுமுறையில் நான் கழுவி மறுபடி பொருத்திக் கொடுத்தது, அதே வைப்பர் மோட்டாரோடு. தெருப் பெண்கள் விதைக்காயை அதில் போட்டு எடுத்துப் போகிறார்கள். போன விதைப்புக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கூடையோடு வந்தாள்.

"தண்ணி கிண்ணி தெளிச்சிக்கினு வந்தியா?" என்று கேட்டாள் அம்மா.

"லைட்டாதான் தெளிச்சேன்க்கா."

"எடுத்துக்கினு போயி வெயில்ல போடு. காஞ்ச காயாத்தான் போடணும். ஈரமா இருந்தா உருளைல சுத்திக்கினு அப்படியே நின்னுபூடும்."

"இன்னாக்கா, பெரிய இன்ஜினியரு கணக்கா பேசற. பொண்ணு சொல்லிக் குடுத்தாளா?"

"அவ எங்க சொன்னா," என்றாள் அம்மா. "அவ சொல்ல மாட்டா."

அக்கா கூடையோடு திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா மெஷினின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் சல்லடையின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இடைவெளியை விரலால் பார்த்து, மறுபடி இறுக்கினேன்.