நம்ம பக்கம் முடிஞ்சுது

பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் அவளை எல்லோரும் அட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடிக்காத அட்டை என்று சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கேலி செய்வார். பதிலுக்கு அவள், "சர்வர், ரெண்டு காபி" என்பாள். அந்த அலுவலகத்தில் அவள் வாய்விட்டுப் பேசுவது அவ்வளவுதான்.

துறை எடுத்துச் செய்யும் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அட்டை உண்டு. கூட்ட அறைச் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை, அதில் மூன்று கட்டங்கள்: எடுத்தது, நடப்பது, முடிந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் சொல்லச் சொல்ல அவள் அட்டைகளை நகர்த்துவாள், பிறகு அதையே கணினியிலும் ஏற்றுவாள். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. எது எங்கே போகவேண்டும் என்று முடிவெடுப்பது அவள் வேலையில்லை.

நின்றுபோன திட்டத்துக்கு அந்தப் பலகையில் இடமில்லை. வேறு பிரிவின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் கிடக்கிற அட்டையை 'நடப்பது' கட்டத்திலேயே விட்டுவைத்தால், ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று மேலிடம் கேட்கும். இயக்குநர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "நம்ம பக்கம் முடிஞ்சுதுல்ல?" என்பார். யாராவது ஆமாம் என்று முனகினால் போதும், அட்டை மூன்றாவது கட்டத்துக்குப் போய்விடும். அடுத்தவர் பக்கம் என்ன ஆயிற்று என்று அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் துணைவேந்தர் பார்வையிட வந்தார். அன்று காலை ஒரே மூச்சில் பன்னிரண்டு அட்டைகள் இடம் மாறின. பழைய மாணவர்களின் மதிப்பெண்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் திட்டமும் அதில் ஒன்று. மூன்று வருஷத்து மாணவர்களின் மதிப்பெண்கள் மட்டும் பாக்கி. தேர்வுப் பிரிவு சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஏற்ற முடியும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கினாள். தேர்வுப் பிரிவிலிருந்து இன்னும் வரவில்லையே என்று மெல்லச் சொன்னாள்.

"அது அவங்க பாடு. தூக்கி இந்தப் பக்கம் வைங்கம்மா" என்றார் இயக்குநர்.

வைத்தாள். அந்த மூன்று வருஷங்களில் ஒன்று தன் தங்கை படித்து முடித்த வருஷம் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சர்வரைச் சேர்ந்த அட்டைகள் எல்லாம் முடிந்துவிட்டால் அதை நிறுத்தி அழித்துவிடலாம் என்பது துறையின் விதி. சில மாதம் கழித்து அந்தப் பழைய சர்வரையும் அப்படி அழித்தார்கள்.

தங்கை ரத்தப் பரிசோதனை செய்கிறவள். பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் சான்றிதழ் சரிதானா என்று மருத்துவமனை பல்கலைக்கழகத்தைக் கேட்டது. புதிய கணினி தானாகவே பதில் அனுப்பிவிட்டது: இந்த எண்ணில் மாணவர் எவரும் இல்லை. இருபதாம் தேதிக்குள் திருத்திய கடிதம் வராவிட்டால் வேலை போய்விடும். போலிச் சான்றிதழ்க்காரி என்ற பேரும் ஒட்டிக்கொள்ளும்.

தங்கைக்குப் பயமே இல்லை. போனில் சிரித்தாள். "உன் ஆபீஸ்தானேக்கா? நீ ஒரு வார்த்தை சொன்னா செய்யமாட்டாங்களா?"

அக்கா போனை வைத்த கையோடு எழுந்தாள். முதலில் தேர்வுப் பிரிவுக்கு ஓடினாள். கணினியில் இருப்பதைத்தான் எழுதித் தரமுடியும், காகிதப் பதிவேடு வைப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று என்றார்கள். பொறியாளரிடம் போனாள். அழிக்கும் முன் எடுத்த நகல் பத்திரமாக இருக்கிறது, மீட்க அரை நாள் போதும் என்றார். அவளுக்கு உயிர் வந்தது.

"ஆனா முடிஞ்ச திட்டத்தை நான் தொடக்கூடாதும்மா. புது அட்டை போடுங்க, குழு பார்க்கட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் விசைப்பலகையை விட்டு எழவில்லை.

புதுத் திட்டங்களை எடுப்பதா என்று முடிவு செய்யும் அந்தக் குழு, மாதத்தின் முதல் திங்களன்று இயக்குநர் தலைமையில் கூடும். அதிர்ஷ்டவசமாக அது நான்காம் தேதியே வந்தது. புது அட்டைகளை வாசிப்பதும் அவள் வேலைதான். தன் அட்டையைக் கடைசியாக வாசித்தாள். ஒவ்வொரு திட்டத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று குழு மதிப்புப் போடும். பாதிக்கப்பட்டவர்கள் கூடக்கூட மதிப்பும் கூடும்.

"இதைக் கேட்டு இதுவரைக்கும் எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஒருத்தர்."

"யாரு?"

"என் தங்கச்சி சார்."

சொந்தக்காரர் விஷயம் என்றால் நீங்கள் பேசக்கூடாதே அம்மா என்று இயக்குநர் மென்மையாகத்தான் சொன்னார். மூன்று வருஷத்து மாணவர்களும் ஒருநாள் வந்து நிற்பார்கள் என்று சொல்ல நினைத்தவள் வாயை மூடிக்கொண்டாள். மதிப்பு இரண்டு என்று முடிவானது. அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள்.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் அறை வாசலில் போய் நின்றாள். தவறு கணினித் துறையுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கேட்டாள்.

"முடிஞ்சுதுன்னு நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியாச்சு. இப்போ முடியலைன்னு எப்படிம்மா எழுதுவேன்?"

அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் சோர வைத்தது. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் தங்கையிடம் இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் தேதி சொல்ல வேறு சாக்கு இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அட்டையைத் தூக்கி வைத்தது தன் கைதான் என்பதையும். தங்கை அழவில்லை. இருபதாம் தேதி துணைக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டாள்.

அரை நாள் விடுப்புப் போட்டுப் போனாள். மருத்துவமனை அலுவலகத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. அசல் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பல்கலைக்கழகமே இல்லையென்று எழுதிய பிறகு தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். பிறகு ஏதோ தோன்றியவர் போல நிமிர்ந்து கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பல்கலைக்கழகத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

தங்கை தன் கழுத்திலிருந்த மருத்துவமனை அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.