அம்மனுக்கு நேர்ந்த பிழைக்காசு

நெஞ்சுவருத்தம் வந்து தப்பியவர்களை டொக்டர்மார் நடக்கச் சொல்லுவார்கள். எழுவைதீவில் நடக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கக் கடல் வந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு என்ன செய்வது? நான் பழைய சில்லறையைக் கிண்டத் தொடங்கினேன்.

அச்சடிக்கும்போதே பிழையாகிப்போய், ஒருவரும் கவனிக்காமல் கைமாறித் திரியும் காசுகள் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுக்கும் அவற்றைப் பிடிக்கும் வித்தையைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்தேன். காசில் ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் தடவ வேண்டும். பள்ளமென்றால் வெறும் கீறல். மேடென்றால் அச்சிலேயே வெடிப்பு, கொண்டாடலாம். ஆனால் எங்கள் தீவில் உப்புக்காற்று அரித்த காசெல்லாம் அபூர்வப் பிழை மாதிரியே முகம் காட்டும். அப்படி ஏமாந்து நான் துள்ளிய துள்ளலை என் மனைவி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். புளி போட்டு மினுக்கித் தரட்டோ என்று வேறு கேட்பாள். மினுக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள் என்றால், ஊத்தைக்கும் மவுசா என்று சிரிப்பாள்.

வீட்டுச் சில்லறை முடிந்தது, அயலட்டையின் சில்லறையும் முடிந்தது. கடைசியில் என் கண் சாமியறைக்குப் போனது. அங்கே மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து கிடந்தது. நெஞ்சுவருத்தத்தில் நான் பிழைத்தெழுந்தால் நயினாதீவு அம்மனுக்குக் கொண்டுபோய்ப் போடுவதாக மனைவி நேர்ந்த காசு. நேர்த்திக்காசின் முடிச்சைக் கோயிலுக்குப் போகும்வரை ஒருவரும் அவிழ்ப்பதில்லை. கோயிலுக்குப் புறப்படுகிற அன்று காலை நான் அவிழ்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பவும் முடிச்சுப் போட்டால் அம்மன் கோபிக்கவா போகிறா?

பழைய ஒரு ரூபாய். மேலும் கீழும் விரலால் பிடித்து, கதவு திறப்பதுபோலப் பக்கவாட்டில் திருப்பினேன். நல்ல காசென்றால் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். இதிலோ பின்பக்கம் முழுக்கச் சரிந்து படுத்திருந்தது. அச்சு சுழன்று அடித்த காசு. மாதக்கணக்காகத் தேடியது சாமி விளக்கடியில் கிடந்திருக்கிறது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மனைவியிடம் நேரடியாகவே கேட்டேன். அம்மன் மனதைத்தான் பார்ப்பா, வேறு காசு வைப்போம், வேண்டுமென்றால் பெரிய காசாகவே வைப்போம் என்றேன். அவள் ஏசவில்லை. வெறும் துணியை மடித்து எடுத்துக்கொண்டு படகடிக்கு நடந்தாள். காசு என் சட்டைப்பையில் இருந்தது.

எங்களைக் கூட்டிப்போக வந்தவர் அயலில் இருக்கும் மீன்பிடிக்காரர். வேதக்காரர், அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். அன்றைக்கு என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவருடைய படகில்தான். மனைவி வெறுங்கையோடு ஓடிவந்ததால், நேர்வதற்குக் காசு கொடுத்தவரும் அவரே. எனக்கு ஒரு சட்டம் பிடிபட்டது. காசு உம்முடையதுதானே, மாற்றலாம் என்று ஒரு சொல் சொல்லும் என்று அவரைப் பிடித்தேன்.

"அம்மனுக்குக் குடுத்ததை நான் திருப்பிக் கேட்டா அந்தோனியாரும் என்னோட கதைக்கமாட்டார், அண்ணை," என்றார்.

பாதிக் கடலில் மனைவி நான் இருந்த பலகையைத் தொட்டாள்.

"அண்டைக்கு இதிலதான் உங்களைக் கிடத்தினது. மூச்சு வருதோ எண்டு ஒரு கையை உங்கட மூக்கடியில வைச்சுக்கொண்டு வந்தனான். மற்றக் கைக்குள்ள இந்தக் காசு. இதை விட்டா நீங்களும் போயிடுவியள் எண்டு கரை வரைக்கும் பொத்திப் பிடிச்சனான்."

மீன்பிடிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. காசை எடுத்து அவள் விரித்த துணியில் வைத்தேன். முடிச்சுப் போடப் பார்த்தேன், துணி நழுவியது. அவள் தன் கையை என் கைமேல் வைத்து இறுக்கி முடிந்தாள்.