ஊரில் இல்லை என்று சொன்ன தெரு

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். தெரியாத ஆள் யார் வந்து யாரைக் கேட்டாலும், "அவுக ஊருல இல்லையே" என்றுதான் பதில் வரும். கேட்கப்பட்டவர் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. ஜப்திக்கு வருவார்கள், காக்கிச்சட்டை வரும். நல்ல காரியத்துக்காக யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை.

அன்று இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். மதுரைப் பக்கத்துப் பேச்சு. பையன் தோளில் பை. போலீஸ்காரன் மாதிரி முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அதைப் பார்த்தே தெரு உஷாராகிவிட்டது.

"திருட்டுக் கேஸுல உள்ளே இருக்காரே, அவரு சம்சாரம் வீடு எதுங்க?" என்று அந்தப் பெண் கேட்டது.

நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "அந்தப் பிள்ளை ஊருல இல்லையேத்தா. ஏலக்காட்டு வேலைக்குன்னு குமுளிக்குப் போயிருச்சு. நேத்தே போயிருச்சு."

"வர நாளாகுமா?"

"வந்தாத்தான் தெரியும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. பெரியம்மாவைப் பார்த்தது. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"அப்ப இவங்க யாரு?"

"இது... இது வேற பிள்ளை."

நான் குழாயை மூடினேன். "நான்தான்" என்றேன்.

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது. "காப்பாத்தலாம்னு பாத்தா கழுத்தை நீட்டுறாளே!"

அந்தப் பெண் சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் பெரிதாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, போலீஸ் வந்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்களா?"

"ஆமா. எப்பவும் அப்படித்தான்."

"டேய், கேட்டியா?" என்று பையனைப் பார்த்துக் கத்தியது. "அந்த மூணு சாட்சி எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகு விளங்கச் சொன்னார்கள்.

இரண்டு பேரும் சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள். லீவு. உத்தமபாளையத்தில் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல் ஒருவர் இருந்தார். தருமவக்கீல் என்போம். அவரிடம் வேலை பழக வந்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. பஸ்ஸுக்கும் கைக்காசு. சப்-ஜெயிலுக்குப் போய், வக்கீல் இல்லாமல் கிடக்கிறவர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

கேஸ் இதுதான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடை. என் வீட்டுக்காரர் அதில் மூட்டை தூக்கினார். முதலாளியோடு வாய்த்தகராறு, வேலையைவிட்டு நின்றுவிட்டார். கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கடை திறக்கிற நேரத்தில் ஒரு மூட்டை காணாமல் போனது. அவர் சாடையில் ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அன்று சாயங்காலமே போலீஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. தெரு வழக்கப்படி சொன்னது: "அவுக ஊருல இல்லையே, நேத்தே போயிட்டாக." அவர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

தெரு சொன்னதைப் போலீஸ் எழுதி வைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆள் ஊரில் இல்லை என்று மூன்று பேர் சாட்சி. அப்படியானால் எங்கே இருந்தான்? கம்பத்தில்.

"இப்பப் போயி மாத்திச் சொன்னா?" என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்பாங்க" என்றான் பையன். "உங்க சொல்லையும் எடுக்க மாட்டாங்க. சம்சாரம்."

"அன்னைக்குக் காலையில எங்க இருந்தாரு?" என்று அந்தப் பெண் கேட்டது.

"வயல்ல. வாய்க்கால்ல அன்னைக்கு எங்க முறைத்தண்ணி."

"யாரு பாத்தா?"

பார்த்தவர் ஒருவர் உண்டு. சொல்லிப் பிரயோசனமில்லை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். எங்களுக்குக் கீழ்வயல்காரர். தண்ணீர்த் தகராறில் மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்று காலையிலும் அந்த மனுஷனோடுதான் வரப்பில் சண்டை. மம்பட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று வீட்டுக்காரர் வந்து கத்தினார்.

மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் துள்ளி எழுந்துவிட்டது.

"அக்கா! சண்டைக்காரரா? நிஜமாவா? இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?"

எனக்குக் கிறுக்குப் பிள்ளையோ என்று தோன்றியது. ஆனால் கால் தானாக நடந்தது. எத்தனையோ நாளாகக் கல் மாதிரி கிடந்த உடம்பு. அன்று ஓடுகிற மாதிரி நடந்தேன்.

கீழ்வயல்காரர் வீட்டு வாசலை நான் மிதிக்கக் கூடாது. தெருவில் வேப்பமரத்தடியில் நின்றேன். பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். அதனால் எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? கெடக்கட்டும் உள்ள. இப்பத்தான் என் வயலுக்கு நிம்மதியாத் தண்ணி பாயுது."

"நீங்க ஒண்ணும் உதவ வேணாம்ணே" என்றது அந்தப் பெண். "ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அவரு அன்னைக்கு ஊருலயே இல்லைன்னு மூணு பேரு சொல்லி, எழுதியாச்சு. அப்ப நீங்க வரப்புல யாரோட சண்டை போட்டீங்க?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"எவன் சொன்னான்?"

"உங்க ஊர்க்காரங்கதான்."

"அப்ப நான் ஆளில்லாத வயல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தேனா? பைத்தியக்காரனா நானு? என்னைத் தண்ணிக் கள்ளன்னு சொன்னான் அந்தப் பய. மடையில தள்ளிவிட்டு மம்பட்டியப் பிடுங்குனேன். இந்தா பாரு, மூலையில கெடக்கு! மறுநா வருவான், கேப்பான், நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டுத் தரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போலீஸ் கொண்டுபோயிருச்சு."

"இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் வாரேன். என்னைக் கள்ளன்னு சொன்னதையும் எழுதிக்கிடணும்!"

வெளியே வந்த பிள்ளைகள் தெருமுனை வரை வாயைத் திறக்கவில்லை. முனை திரும்பியதும் அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. பையன் பையை மேலே வீசிப் பிடித்தான். நான் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்து நாளாகியிருந்தது.

கீழ்வயல்காரர் வருவாரா மாட்டாரா என்பதுதான் பிறகு கவலை. விசாரணை அன்று உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். பையன் பஸ் ஸ்டாண்டுக்கும் கோர்ட்டுக்குமாக ஓடினான். வந்தார். வெள்ளைவேட்டி, தோளில் மம்பட்டி. வாசலில் போலீஸ்காரர் மறித்தார்.

"யோவ், இதை எடுத்துக்கிட்டு எங்கய்யா போறே?"

"இதுவும் சாட்சிதான்யா" என்றார். பிள்ளைகள் ஓடிப்போய் வக்கீலைக் கூட்டிவந்து உள்ளே கொண்டுபோனார்கள்.

படிக்கிற பிள்ளைகள் கோர்ட்டில் பேசக் கூடாதாம். வக்கீல் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் எழுதி எழுதி நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் கூண்டில் நின்றார். மெலிந்திருந்தார். எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று முதல்நாளே ஜெயிலில் போய்ச் சொல்லியிருந்தார்கள். தலையை ஆட்டியிருக்கிறார்.

கீழ்வயல்காரர் சாட்சிக்கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிற வரை ஆள் வயலில்தான். மறுநாள் போலீஸ் பிடித்ததால் மம்பட்டி இன்னும் தன்னிடமே இருக்கிறது.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "அவரு உங்களுக்கு வேண்டப்பட்டவரு. ரெண்டு குடும்பமும் கலந்து பேசி, காப்பாத்த வந்திருக்கீங்க. அப்படித்தானே?"

"யாரு? நானா?" கீழ்வயல்காரர் முகம் கறுத்துவிட்டது. "இந்தப் பயலுக்கா? ஐயா, இவன் மூஞ்சியில முழிச்சாலே எனக்கு அன்னைக்குச் சோறு கிடைக்காது. அன்னைக்கு இவன் முறை முடிஞ்சுபோச்சு. நாயமா நான் மடையைத் திறந்தேன். இவன் வந்து..."

"பொய்யி!"

என் வீட்டுக்காரர் குரல். வக்கீல் நெற்றியில் கை வைத்தார்.

"முறை முடியலைங்கய்யா! பனைமர நிழலு இன்னும் வாய்க்காலைத் தொடலை, அதுக்குள்ள திறந்துட்டான்!"

"தொட்டுருச்சு!"

"எங்க தொட்டுச்சு? நீதான் என் சட்டையைப் பிடிச்சு மடையில தள்ளுனே!"

"நீ என்னைக் கள்ளன்னு சொன்னியா இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல!"

"சொன்னேன்! இப்பவும் சொல்லுவேன்!"

"கேட்டீகளாய்யா? கேட்டீகளா? எழுதிக்கிடுங்க!"

கோர்ட்டே சிரித்தது. டவாலி "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று கத்தினார், அவரும் சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் பூரா வெளிச்சம்.

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சர்க்கார் வக்கீலிடம் கேட்டார். "இவங்க ரெண்டு பேரும் கலந்து பேசி வந்திருக்காங்கன்னா சொல்றீங்க?"

சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பை இன்னொரு நாளைக்கு வைத்தார்கள். அதுவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பயத்தால் இல்லை. உள்ளே ஏதோ குதித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு லீவு முடிந்து கல்லூரி திறந்துவிட்டது. ஆனாலும் அன்று காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் மதுரையிலிருந்து வந்து இறங்கினார்கள். எங்கள் தெருவே வந்திருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா யாரிடமும் எதுவும் பேசாமல் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றது.

மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் படித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் என் கையை இறுக்கியது. வளையல் சதையில் அழுந்தியது. அதில் விளங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கூண்டைவிட்டு இறங்கினார். பழக்கத்தில், ஜெயிலுக்குக் கொண்டுபோகிற கதவுப் பக்கம் நடந்தார். போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

"அங்கிட்டு எங்கய்யா போறே? உன் சம்சாரம் இங்கிட்டு நிக்கிறாக."

வந்தார்.