இயற்பியல் ஆசிரியர் இல்லாத வருடம்

காலை ஒன்பது நாற்பது. ஹைடெக் லேப் எனப்படும் கணினி அறையின் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, திரையில் சுழன்றுகொண்டிருந்த வட்டம். அதன் முன்னால் பிளஸ் டூ முதல் குரூப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ இன்னும் இறங்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே கணக்கு ஆசிரியை. இயற்பியல் ஆசிரியருக்குப் பழனிசெட்டிபட்டியில் வீடு. பல வருடம் பஸ்ஸில் வந்து போனவருக்கு அந்த ஜூனில் வீட்டுப் பக்கம் மாறுதல் கிடைத்தது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

"கணக்கும் ஃபிசிக்ஸும் அண்ணன் தம்பி மாதிரிதானே டீச்சர்? ஆள் வர்ற வரைக்கும் ஓட்டுங்க" என்றார் தலைமையாசிரியர்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் வகுப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருப்பது எனக்கு முன்பே தெரியும். நுண்கணிதத்துக்கு அவற்றைப் பார்த்திருக்கிறேன். இயற்பியலுக்கும் தேடினேன். விரிவுரை, பயிற்சிக் கணக்கு, மவுஸால் இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன் என எல்லாம் இருந்தன. குறை சொல்ல முடியாத தரம். ஆங்கிலம்தான் தடை. ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, தமிழில் சொல்வேன்.

செம்புக் குழாய்

மின்காந்தத் தூண்டல் பாடம். திரையில் பேராசிரியர் ஒரு செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டார். அது மெதுவாக இறங்கியது. அந்த அரங்கில் ஒரு மாணவர் கை தூக்கினார். பேராசிரியர் நின்று பதில் சொன்னார்.

எங்கள் வகுப்பிலும் ஒரு கை உயர்ந்தது. பவித்ரா. காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். அம்மா முருகேஸ்வரிக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் படித்து வாத்தியாராவேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், குழாயை மேலருந்து கீழ வரைக்கும் கீறி விட்டுட்டா, அப்பவும் மெதுவாத்தான் விழுமா?"

எனக்குத் தெரியவில்லை. படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

"அந்தப் பிள்ளைக கேட்டா அவுக நின்னு சொல்றாக. நம்ம கேட்டா படம் பாட்டுக்கு ஓடுது."

"ஏ, நீ அமெரிக்காவுக்கே போயி கேட்டுட்டு வாடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு சிரித்தது. பவித்ராவும் சிரித்தாள்.

மறுநாள் பதிலோடு போனேன். அதற்குள் அவளிடம் வேறு மூன்று கேள்விகள் இருந்தன.

பாராட்டு

காலாண்டுத் தேர்வு முடிந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். தலைமையாசிரியர் அவரை நேராக லேபுக்கு அழைத்து வந்தார். அன்று நெட் நன்றாக வேலை செய்தது.

"பிரமாதம்! ஃபாரின் யுனிவர்சிட்டியே உங்க கிளாஸுக்கு வந்திருச்சே."

"சார், அந்த ஃபிசிக்ஸ் போஸ்ட்..." என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

"ஆள் இல்லாமலே இவ்வளவு நல்லா ஓட்டுறீங்க. மலையடிவாரத்துல ஒரு ஸ்கூல்ல ஃபிசிக்ஸும் இல்ல, கெமிஸ்ட்ரியும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. இருக்குறது ஒரு ஆளுன்னா முதல்ல எங்க போடணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பள்ளிக்கு ஆள் போனார்.

பெற்றோர் கூட்டத்தில் முருகேஸ்வரி எழுந்தார்.

"ஏன் டீச்சர், படம் ஓட்டியே பிள்ளைகளப் பாஸாக்கிருவீகளா?"

"ஆள் கேட்டிருக்கோம்மா."

"கேட்டு என்னத்துக்கு? திராட்சைக்குப் பந்தல் கட்ட ஆளு வரலன்னா, போனைப் பாத்து நீங்களே கட்டிக்கங்கன்னு தோட்டக்காரரு எங்கள விட்ருவாரா? கொடி கீழ விழுந்தா அவருக்குல்ல நட்டம்."

தலைமையாசிரியர் மைக்கை வாங்கி அடுத்த விஷயத்துக்குப் போனார்.

நிறமாலைமானி

கருவிகள் இல்லாத பள்ளி அல்ல எங்களுடையது. ஆனால் இயற்பியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பெடுக்க ஆள் இல்லாததால் அது பூட்டியே கிடந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது? எல்லாச் சோதனைகளையும் பிள்ளைகள் சிமுலேஷனில் செய்தார்கள். பவித்ரா மற்றவர்களுக்கும் செய்து காட்டினாள்.

செய்முறைத் தேர்வன்று ஆய்வகத்தைத் திறந்துகொடுக்கும் வேலை எனக்கு. தேர்வாளர்கள் இருவரும் வெளிப்பள்ளிக்காரர்கள். பவித்ராவுக்கு ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைமானி வந்தது. சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அவள் அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சூத்திரமும் செய்முறையும் அளவீடுகளும் தாளில் பிழையில்லாமல் இருந்தன.

மூத்த தேர்வாளர் பக்கத்தில் வந்தார். "என்னம்மா, கோடு தெரியுதா?"

"தெரியல சார். மஞ்சளா பொகை மாதிரி இருக்கு."

"ஃபோகஸ் பண்ணுனியா?"

"அதுல தானாவே தெளிவா இருக்கும் சார்."

"எதுல?"

"கம்ப்யூட்டர்ல."

"இதை இதுக்கு முன்னாடி தொட்டுருக்கியா?"

"இன்னைக்குத்தான் சார்."

"அப்ப இந்த ரீடிங்கெல்லாம்?"

"கம்ப்யூட்டர்ல பாத்தது. ஞாபகத்துல இருந்துச்சு."

அவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு பிள்ளைக்கும் கை ஓடல டீச்சர். இதுக்கு மார்க்கைக் குறைச்சா பாவம் பிள்ளைகளுக்குத்தான். போட்டு விட்டுர்றேன்."

எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார். நல்ல மனிதர்.

பவித்ரா வெளியே நின்றிருந்தாள். "நான் அந்தக் கோட்டைப் பாக்கவே இல்லயே டீச்சர். நாளைக்கு நான் வாத்தியாராகி, என்னத்தக் காட்டுவேன்?"

தேர்வு முடிவுகள் வந்தபோது, செய்முறையில் எங்கள் பள்ளி முழு மதிப்பெண் வாங்கியிருந்தது. ஆசிரியர் இல்லாமலே சாதித்த பள்ளி என்று ஒரு கூட்டத்தில் எங்களைக் குறிப்பிட்டார்களாம். காலிப் பணியிடத்தை நிரப்பக் கேட்டுத் தலைமையாசிரியர் மறுபடி கல்வி அலுவலகத்துக்குப் போனபோது, அந்த முடிவுகளையே அவரிடம் எடுத்துக் காட்டினார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இலவசமாகக் கிடைக்கும் நல்ல பாடத்தைத் தயங்காமல் எடுங்கள். ஆனால் பார்வையிட வருகிறவரை முதலில் பூட்டிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். ஹைடெக் லேபைப் பிறகு காட்டலாம்.

அடுத்த ஜூனில், இயற்பியலுக்கு ஆள் இல்லாததால், எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் முதல் குரூப் சேர்க்கை நடக்கவில்லை. பவித்ரா பி.காம். சேர்ந்தாள்.