ஆறு பேருக்கு அறை

இன்று வேலை இடைவேளையில், சுவிஸின் வாலிஸ் மலைக்குப் பனியில் சறுக்கப் போகும் திட்டம் பற்றிப் பேச்சு. ஆறு பேருக்கு அறை எடுத்தாயிற்று. முதியோர் இல்லத்தில் எங்கள் பிரிவில் ஏழு பேர்.

"என்னை ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

ஒன்பது வருடமாகக் கூட வேலை செய்யும் சான்ட்ரா சிரித்தாள். "உனக்குக் குளிர் ஒத்துவராது எண்டு நினைச்சன். அந்தச் சனி ஞாயிறு உன்னைத்தான் வேலைக்குப் போட்டிருக்கு."

"நான் இங்கை சுவிஸிலை, ஊஸ்டரிலை பிறந்தனான். பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போய், அந்த மலையிலைதான் சறுக்கப் பழக்கினவை."

சான்ட்ரா கைபேசியில் மலையின் வரைபடத்தை நீட்டினாள்.

"அப்ப நல்லதாப் போச்சு! எந்தப் பக்கம் நல்லம் எண்டு சொல்லன்."

நல்ல பாதைகளாகப் பார்த்துக் காட்டிக் கொடுத்தேன். ரயிலில் வரும்போதுதான் கோபம் வந்தது.

நீங்களாக இருந்தால் செங்குத்தான பக்கத்தைக் காட்டியிருப்பீர்களோ?