மகனிடம் மலாயில் கேட்டது

அன்று மகன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். அவனையும் அவன் கைத்தொலைபேசியையும் கொண்டுபோனார்கள். வேறு நாட்டில் குண்டு வைத்த ஒரு கூட்டத்துக்கு உதவினான் என்றார்கள். பயங்கரவாதச் சட்டமாம், ஜாமீன் கிடையாதாம்.

அப்படிப்பட்டவர்களைப் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சந்தையில் குண்டு வெடித்தால் சாவது என்னைப் போல மீன் வாங்கப் போனவள்தான். அரசாங்கம் சும்மா இருக்க முடியாது. ஆனால் என் மகன் செய்தானா, இல்லையா? அவன் வாயால் கேட்டால் போதும் என்றிருந்தது.

பல வாரம் கழித்துப் பார்க்க விட்டார்கள். நாங்கள் இருக்கும் கூலாயிலிருந்து சிறைக்கு மருமகள்தான் கார் ஓட்டினாள்.

"அத்தை, நீங்களே கேளுங்க. என்கிட்ட சொல்லமாட்டாரு."

"எனக்கு வாய் வராதேம்மா."

"பெத்தவங்க கேட்டா சொல்லுவாரு லா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தான். தொலைபேசியை எடுத்து, "ஐயா" என்று மகனைக் கூப்பிட்டேன். பின்னால் நின்ற சின்ன வயதுக் காவலர் குனிந்து, மரியாதையாகத்தான், "மாச்சிக், சக்காப் மெலாயு" என்றார். மலாயில் பேச வேண்டுமாம். அவருக்குப் புரிய வேண்டுமே.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்தது சந்தை மலாய். மீன்காரனிடம் இது நேற்றைய மீனா என்று கேட்கிற அந்த மலாயில், நீ செய்தாயா என்று பெற்ற பிள்ளையைக் கேட்க வேண்டும். காவலர் காது பக்கத்திலேயே இருக்கிறது.

"சூடா மாக்கான்?" என்றேன். சாப்பிட்டாயா என்று.

"சூடா" என்றான், ஆயிற்று என்று. அப்புறம் என் மலாயைக் கேலி செய்தான், அதையும் மலாயிலேயே. நேரம் முடிந்துவிட்டது.

காரில் மருமகள், "கேட்டீங்களா அத்தை?" என்றாள். நான் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் அவனை விட்டுவிட்டார்கள். வழக்குப் போடவில்லை. தப்பு செய்தான் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. வேலை போய்விட்டது. கோவிலில் எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். கோர்ட்டில் நிறுத்தி ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது தமிழிலேயே கேட்கலாம், தடுக்க ஆள் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காருகிறேன்.

"என்னம்மா?" என்கிறான்.

"இன்னொரு துண்டு மீன் வைக்கவா?" என்கிறேன்.